‘அண்ணே, ரெண்டரை வைங்க!’ - கீபோர்டுக்கு ஏன் நம்மூர் மேடை புரிவதில்லை?

பங்குனி பிறந்துவிட்டால் ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர், சிவகாசி வட்டாரத்தில் மேடைகளுக்குப் பஞ்சமே இருக்காது. அரசு சிமென்ட் ஆலை இருக்கிற நம்ம ஆலங்குளத்தில் இருந்து (தென்காசி பக்கத்து ஆலங்குளம் வேறு) சுற்றியுள்ள சின்னச் சின்ன கிராமங்கள் வரை பொங்கல், கொடை, திருவிழா என்றால் இன்னிசைக் கச்சேரி உண்டு. ஆடி முடியும் வரை இதுதான் சீசன். மேடையில் ரெண்டு கீபோர்டு, ஒரு ஆக்டோபேட், தபேலா, கிட்டார். பின்னால் ஜெனரேட்டர் ஓடிக்கொண்டிருக்கும். முன்னால் கலர் லைட் கண்ணைக் கூசும். வாசிப்பவர் கைக்குப் பக்கத்தில் மட்டும் இருட்டாக இருக்கும்.

ஒரு பாட்டு முடிந்து கைத்தட்டல் அடங்குவதற்குள் பாடகர் திரும்பி, “அண்ணே, ரெண்டரை வைங்க” என்பார். கீபோர்டுக்காரருக்குக் கிடைப்பது பத்து விநாடி. அதற்குள் சுருதியை மாற்ற வேண்டும், அடுத்த பாட்டுக்கான ஒலியை எடுக்க வேண்டும், ரிதமின் வேகத்தைச் சரிசெய்ய வேண்டும். இதில் ஒன்று பிசகினாலும் ஊரே கேட்கும்.

மின்னணு இசைக்கருவி ‘பயன்படுத்த எளிதாக’ இருக்க வேண்டும் என்று சொல்லாத நிறுவனம் இல்லை. ஆனால் யாருக்கு எளிது, எந்த இடத்தில் எளிது என்ற கேள்விக்குப் பதில் இந்தப் பத்து விநாடியில்தான் கிடைக்கும். இந்தியச் சந்தைக்கென்றே தனி மாடல் போடும் நிறுவனங்கள் தபேலா, தம்புரா, ஷெனாய் என்று நம்மூர் ஒலிகளை அள்ளிக் கொடுத்துவிட்டன. பொத்தான்கள் மட்டும் இன்னும் நம்மூருக்கு வந்து சேரவில்லை.

‘கட்டை’ என்பது என்ன?

முதலில் இந்தக் கணக்கைப் புரிந்துகொள்வோம். தமிழ்நாட்டில் பாடகரின் சுருதியைச் ‘சி’, ‘டி ஷார்ப்’ என்று சொல்பவர்கள் குறைவு. கட்டைதான் கணக்கு. ஆர்மோனியத்தின் வெள்ளைக் கட்டைகளை வரிசையாக எண்ணுவதில் இருந்து வந்த வழக்கு இது. ‘சி’ என்பது ஒரு கட்டை, ‘டி’ ரெண்டு, ‘இ’ மூணு, ‘எஃப்’ நாலு, ‘ஜி’ அஞ்சு, ‘ஏ’ ஆறு, ‘பி’ ஏழு. இடையில் வரும் கறுப்புக் கட்டைகள் ‘அரை’. அதாவது ஒன்றரை, ரெண்டரை, நாலரை, அஞ்சரை, ஆறரை. மூன்றரை கிடையாது, ஏனென்றால் மூணாவது வெள்ளைக் கட்டைக்கும் நாலாவதுக்கும் நடுவில் கறுப்பு இல்லை.

ஆண் பாடகர்கள் பொதுவாக ஒன்று, ஒன்றரைக் கட்டை. பெண் பாடகர்கள் அஞ்சு, அஞ்சரை. மைக் இல்லாத நாடக மேடைக் காலத்தில் செங்கோட்டை எஸ்.ஜி.கிட்டப்பா, சிவகாசியில் பிறந்த தியாகி விஸ்வநாததாஸ் போன்றவர்கள் கூட்டத்தின் கடைசி வரிசை வரை குரலை எட்ட வைக்க வேண்டியிருந்தது. உச்சக் குரலை ‘எட்டுக் கட்டை’ என்று சொல்லும் பேச்சு இன்றும் இருக்கிறது. யோசித்துப் பாருங்கள், ஒரு கருவியின் முகப்பே ஒரு சமூகத்தின் இசைமொழியாக மாறியிருக்கிறது. கட்டையைக் கண்ணால் பார்த்தார்கள், விரலால் எண்ணினார்கள், அதையே பெயராக வைத்துவிட்டார்கள்.

இத்தனைக்கும் ஆர்மோனியம் நம் இசைக்குப் பொருத்தமான கருவி இல்லை என்ற விமர்சனம் பலமாக இருந்தது. கமகம் வராது, சுரங்களின் நுணுக்கம் வராது என்று சொல்லி அகில இந்திய வானொலி 1940-இல் அதை ஒதுக்கியே வைத்தது. 1970-களில்தான் அந்தத் தடை தளர்ந்தது. ஆனால் நாடகக் கொட்டகையும் பஜனை மடமும் அதைக் கைவிடவே இல்லை. காரணம் லேசானது. தூக்கிக்கொண்டு போகலாம், சுருதி சேர்க்க வேண்டாம், உட்கார்ந்த உடனே வாசிக்கலாம்.

கீபோர்டு கேட்கும் கணக்கு வேறு

இப்போது கீபோர்டுக்கு வருவோம். பெரும்பாலான மேடைக் கலைஞர்கள் ஒரு கட்டையில் விரல் வைத்துப் பழகியவர்கள். பாடகர் கேட்கும் சுருதிக்குப் போக ‘டிரான்ஸ்போஸ்’ என்ற வசதியைப் பயன்படுத்துகிறார்கள். விரல் அதே இடத்தில் இருக்கும், ஒலி மட்டும் மேலே அல்லது கீழே நகரும்.

சிக்கல் என்னவென்றால், கீபோர்டின் திரை கட்டையைச் சொல்லாது. எத்தனை அரைச்சுரம் நகர்ந்திருக்கிறது என்பதைச் சொல்லும். ஒன்றரைக் கட்டைக்கு 1. ரெண்டு கட்டைக்கு 2. ஆஹா, எளிதாக இருக்கிறதே என்று நினைத்தால் ரெண்டரைக்கு 3, மூணுக்கு 4, நாலுக்கு 5, அஞ்சுக்கு 7, அஞ்சரைக்கு 8. இல்லையென்றால் கீழ்நோக்கி வந்து அஞ்சுக்கு மைனஸ் 5, அஞ்சரைக்கு மைனஸ் 4. மேலே போனாலும் கீழே வந்தாலும் சுருதி ஒன்றுதான், ஆனால் ஒலி ஒரு ஸ்தாயி தள்ளிப் போய்விடும்.

பழகியவர்களுக்கு இது மனப்பாடம். “அதெல்லாம் கை தானா போகும் சார்” என்பார்கள். உண்மைதான். ஆனால் மனப்பாடம் எப்போது சறுக்கும்? களைத்துப்போன இரவு ஒரு மணிக்கு, வரிசையில் இல்லாத பாட்டை ஊர்ப் பெரியவர் திடீரென்று கேட்கும்போது. முந்தைய பாட்டுக்கு வைத்த ‘3’ அப்படியே கிடக்கும். திரையில் ஒரு மூலையில் சின்னதாக இருக்கும், அல்லது அந்தப் பொத்தானை மறுபடி அழுத்தினால்தான் தெரியும். முதல் கார்டு விழுந்ததும்தான் பாடகரின் முகம் மாறும். வடிவமைப்புத் துறையில் இதற்கு ‘நிலைப் பிழை’ என்று பெயர் சொல்லலாம். கருவி எந்த நிலையில் இருக்கிறது என்பதை வாசிப்பவருக்குக் காட்டாமல் மறைத்து வைப்பதால் வரும் தவறு. பழியை மட்டும் வாசிப்பவர் சுமப்பார்.

இதே வேலையை மின்சாரமே இல்லாமல் செய்யும் கருவி ஒன்று இருக்கிறது: ‘ஸ்கேல் சேஞ்சர்’ ஆர்மோனியம். அதில் கட்டை வரிசையையே பக்கவாட்டில் நகர்த்தி அடுத்த பள்ளத்தில் உட்கார வைப்பார்கள். எவ்வளவு நகர்ந்திருக்கிறது என்பது கண்ணுக்குத் தெரியும். இருட்டில் கையால் தடவினாலும் தெரியும். பழைய மரப்பெட்டிக்குத் தெரிந்த இந்த விஷயம் புதிய மின்னணுக் கருவிக்குத் தெரியவில்லை.

திரையில் ‘3’-க்குப் பதிலாக ‘2½’ என்று காட்டுவது பெரிய தொழில்நுட்பமா? இல்லை. மென்பொருளில் ஒரு சின்ன அட்டவணை போதும். நிறுவனங்களுக்கு இந்தியாவைப் பற்றித் தெரியாது என்றும் சொல்ல முடியாது. யமஹா சென்னையை அடுத்து இசைக்கருவி ஆலையே அமைத்து 2019-இல் உற்பத்தியைத் தொடங்கியது. அந்நிறுவனத்தின் இந்திய மாடல்களில் தம்புரா, தபேலாவோடு பயிற்சி செய்யத் தனிப் பொத்தானே உண்டு. அதன் பெயர் ‘ரியாஸ்’. பெயரைப் பார்த்தாலே புரியும், ‘இந்தியா’ என்று அவர்கள் மனதில் வைத்திருப்பது பெரும்பாலும் இந்துஸ்தானியும் இந்திப் பாட்டும்தான். உறுமியும் நையாண்டி மேளமும் அழுத்தமாக ஒலிக்கிற தெற்கத்தி மேடை அந்தப் படத்தில் ஓரமாகத்தான் நிற்கிறது.

முளைப்பாரி வரும் நேரத்தில் அணைந்த கீபோர்டு

இன்னொன்று, கேட்டால் சிரிப்பு வரும். மேடையில் இருப்பவருக்குச் சிரிப்பு வராது.

“முளைப்பாரி ஊர்வலம் வருது, கொஞ்சம் நிறுத்தி வைங்க” என்று கமிட்டிக்காரர்கள் சொல்வார்கள். ஊர்வலம் வரும், சாமி வரும், பிறகு வரிசையாகப் பொன்னாடை, பேச்சு. முக்கால் மணி நேரம் போய்விடும். மறுபடி தொடங்கலாம் என்று கை வைத்தால் கீபோர்டு செத்துக் கிடக்கும். பழுதில்லை. யாரும் தொடாமல் 30 நிமிடம் இருந்தால் தானாக அணைந்துகொள்ளும் வசதி பல மாடல்களில் வாங்கும்போதே இயக்கப்பட்டிருக்கும். மறுபடி போட்டால் முன்பு தேர்ந்தெடுத்து வைத்திருந்த ஒலி, சுருதி, வேகம் எல்லாம் போய், கருவி பிறந்த குழந்தை மாதிரி பியானோ ஒலியோடு எழுந்து நிற்கும்.

இது எங்கிருந்து வந்தது தெரியுமா? வீட்டுச் சாதனங்கள் சும்மா இருக்கும்போது மின்சாரம் குடிப்பதைக் குறைக்க ஐரோப்பிய ஒன்றியம் 2008-இல் ஒரு விதி போட்டது. தானாக மின்சேமிப்பு நிலைக்குப் போக வேண்டும் என்ற நிபந்தனை 2013 ஜனவரி முதல் நடைமுறைக்கு வந்தது. அந்தச் சாதனப் பட்டியலில் டிவி, ஆம்ப்ளிஃபயரோடு இசைக்கருவிகளும் இருக்கின்றன. நோக்கம் நல்ல நோக்கம். பாரிஸில் ஒரு பையன் பயிற்சி முடித்துவிட்டு கீபோர்டை அணைக்காமல் தூங்கப் போனால் மின்சாரம் மிச்சம். உலகம் முழுக்க ஒரே மென்பொருளைப் போட்டால் செலவும் மிச்சம். அந்த ரெண்டு மிச்சமும் சேர்ந்துதான் நம்மூர் மேடையில் வந்து விடிகிறது.

இதை நிறுத்த வழி இருக்கிறது. யமஹாவின் பல பிஎஸ்ஆர் மாடல்களில் இடதுகோடியில் உள்ள கடைசிக் கட்டையை அழுத்திக்கொண்டே சுவிட்சைப் போட்டால் தானியங்கி அணைப்பு நீங்கிவிடும். வேறு சில கருவிகளில் மெனுவுக்குள் தேட வேண்டும். கையேட்டில் எல்லாம் இருக்கிறது. ஆனால் மேடைக் கலைஞர்களில் பலர் செகண்ட்ஹேண்டில் வாங்கியவர்கள். கையேடு முதல் உரிமையாளர் வீட்டுப் பரணில் கிடக்கும். இங்கே பாடம் சொல்லிக்கொடுக்கப் பள்ளியும் இல்லை. விருதுநகர் உட்பட மாவட்ட அரசு இசைப் பள்ளிகளில் குரலிசை, நாதசுரம், தவில், தேவாரம், பரதம், வயலின், மிருதங்கம் உண்டு, கீபோர்டு கிடையாது. பக்கத்தில் நின்று பார்த்துக் கற்றுக்கொண்டவர்களே அதிகம். அப்படிப்பட்டவருக்குக் கருவியின் முகப்புதான் வாத்தியார். அது சொல்லாததை வேறு யாரும் சொல்லப் போவதில்லை.

ஆக்டோபேடும் சுருதிப் பெட்டியும் எப்படி ஜெயித்தன?

எல்லாக் கருவியும் இப்படி இல்லை. ரோலண்ட் நிறுவனம் 1985-இல் கொண்டுவந்த ‘ஆக்டோபேட்’ ஒரு பிராண்டின் பெயர். இன்று நம்மூரில் அது ஒரு வாத்தியத்தின் பெயர். எட்டு ரப்பர் பட்டைகள், ரெண்டு வரிசை. குச்சியால் அடித்தால் சத்தம். எந்தப் பட்டையில் எந்த ஒலி என்பதைக் கை பத்து நிமிடத்தில் கற்றுக்கொள்ளும். அடுத்த பாட்டுக்கான தொகுப்புக்கு மாறக் காலால் மிதிக்கும் சுவிட்சை இணைத்துக்கொள்ளலாம். குச்சியைக் கீழே வைக்க வேண்டியதில்லை. உள்ளே இருக்கும் மெனு சிக்கலானதுதான். ஆனால் அந்தச் சிக்கலை வீட்டிலேயே உட்கார்ந்து முடித்துவிட்டு, மேடைக்கு அடிப்பதை மட்டும் கொண்டுபோகலாம். நல்ல மேடைக் கருவியின் லட்சணமே இதுதான் என்பேன்: யோசிக்கிற வேலை வீட்டில், வாசிக்கிற வேலை மேடையில்.

மின்னணுத் தம்புரா இன்னும் நெருக்கமான உதாரணம். பெங்களூருவைச் சேர்ந்த ஜி.ராஜ்நாராயணன் பொறியாளர், கூடவே புல்லாங்குழல் கலைஞர். 1979-இல் அவர் உருவாக்கிய மின்னணுத் தம்புராதான் பின்னர் ராடெல் நிறுவனத்தின் அடையாளமானது. தம்புராவின் நிஜ நாதத்துக்கு இது ஈடா என்ற சண்டை அன்றைக்கே தொடங்கிவிட்டது, இன்னும் முடியவில்லை. ஆனால் அந்த வகைப் பெட்டிகளின் முகப்பைப் பாருங்கள். சுருதிக்கு ஒரு திருகு, சத்தத்துக்கு ஒரு திருகு, மீட்டும் வேகத்துக்கு ஒரு திருகு, பஞ்சமமா மத்யமமா என்று மாற்ற ஒரு வழி. பாடகருக்கு என்னென்ன கேள்விகள் வருமோ அத்தனைக்கும் ஒவ்வொரு கைப்பிடி. திருகு எங்கே நிற்கிறது என்று பார்த்தாலே நிலைமை புரியும். செய்தவரே வாசிப்பவராகவும் இருந்ததன் பலன் அது.

இப்போது அந்தப் பெட்டியின் வேலையை இலவசச் செயலி செய்கிறது. கட்டைக் கணக்கிலேயே சுருதி காட்டும் செயலிகளும் இருக்கின்றன, அது பாராட்ட வேண்டிய விஷயம். ஆனால் அந்தச் செயலி இருக்கும் அதே போனுக்குத்தான் கச்சேரி நடுவில் சம்பந்தி போன் பண்ணுவார்.

எளிமையின் எல்லையைப் பார்க்க வேண்டுமென்றால் கோயிலுக்குப் போகலாம். மோட்டாரில் ஓடும் மேளமும் மணியும் ஒரே இரும்புச் சட்டத்தில் பொருத்தப்பட்ட கருவி இன்று எத்தனையோ கோயில்களில் இருக்கிறது. ஒரு சுவிட்ச், அவ்வளவுதான். தீபாராதனைக்கு ஆள் இல்லாத சின்னக் கோயிலுக்கு அது உதவி. தவில்காரர் வீட்டில் கேட்டால் கதை வேறு மாதிரி இருக்கும். யார் வேலையை எளிதாக்குகிறோம் என்பதையும் சேர்த்துத்தான் ‘எளிது’ என்ற சொல்லை எடைபோட வேண்டியிருக்கிறது.

கஷ்டமான கருவியில் இருந்தும் நல்ல இசை வந்ததே?

இப்படி ஒரு எதிர்வாதம் உண்டு. அதற்கு எல்லாரும் சொல்லும் சாட்சி, ரோலண்டின் டிபி-303. தனியாகப் பயிற்சி செய்யும் கிட்டார் கலைஞருக்குத் துணையாக பாஸ் வாசிக்க 1981-இல் வந்த சின்னப் பெட்டி. அதில் ஒரு மெட்டை ஏற்றுவதற்குள் பொறுமை போய்விடும். சுரங்களை ஒரு தடவை தனியாக ஏற்ற வேண்டும், அவற்றின் கால அளவை இன்னொரு தடவை தனியாக ஏற்ற வேண்டும். விற்பனை படுத்துவிட்டது, மூன்றே ஆண்டில் உற்பத்தியை நிறுத்தினார்கள்.

ஆனால் 1982-இல் மும்பை ஸ்டூடியோ கலைஞர் சரண்ஜித் சிங் அதே பெட்டியில் ராகங்களை டிஸ்கோ தாளத்தில் ஏற்றி ஒரு இசைத்தட்டு போட்டார். ஒரு சுரத்தில் இருந்து இன்னொன்றுக்கு வழுக்கிப் போகும் வசதி அதில் இருந்தது ராகத்துக்குக் கைகொடுத்தது. அப்போது அதை யாரும் சீந்தவில்லை. 1987-இல் சிகாகோவின் ‘ஃபியூச்சர்’ குழு செகண்ட்ஹேண்ட் 303-ஐ வைத்து ‘ஆசிட் ஹவுஸ்’ என்ற இசை வகையையே தொடங்கிவைத்தது. பல ஆண்டுகள் கழித்து சரண்ஜித் சிங்கின் தட்டு மறுவெளியீடு கண்டபோது, இவர் அஞ்சு வருஷம் முந்தியே செய்துவிட்டாரே என்று உலகம் வியந்தது.

ஆக, கஷ்டமாக இருந்ததால்தான் அந்த இசை வந்ததா? கொஞ்சம் கூர்ந்து பார்த்தால் அப்படித் தோன்றவில்லை. மெட்டை ஏற்றுவது கஷ்டம்தான். ஆனால் ஒலியின் தன்மையை மாற்றும் திருகுகள் அதன் முகப்பிலேயே வரிசையாக இருந்தன. ஓடிக்கொண்டிருக்கும் மெட்டைக் கையால் திருகிக் குழைக்க முடிந்தது. ஆசிட் ஹவுஸின் உயிர் அந்தத் திருகுகளில்தான் இருக்கிறது.

இதற்கு நேர் எதிர், 1983-இல் வந்த யமஹா டிஎக்ஸ்7. உள்ளே அபாரமான தொழில்நுட்பம். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் ஜான் சௌனிங் கண்டறிந்த எஃப்.எம். முறை. ஆனால் முகப்பில் தட்டையான பொத்தான்கள், ஒரு குட்டித் திரை, எல்லா மதிப்புக்கும் சேர்த்து ஒரே ஒரு நகர்த்தி. புதிய ஒலி உருவாக்குவது சிலரால்தான் முடிந்தது. மற்றவர்கள் கம்பெனி கொடுத்த ஒலிகளையே வாசித்தார்கள். 80-களின் பாட்டுகள் பலவற்றில் அதே மின்-பியானோ ஒலி திரும்பத் திரும்பக் கேட்பதற்கு அந்த முகப்பும் ஒரு காரணம். கருவி உள்ளே எவ்வளவு பெரியது என்பது வாசிப்பவரின் விரலுக்கு எவ்வளவு எட்டுகிறது என்பதில் அடங்கிவிடுகிறது.

கமகமும் இதே கதைதான். கீபோர்டின் இடது ஓரத்தில் இருக்கும் சக்கரத்தை உருட்டிச் சுரத்தை வளைத்து, முழுக் கர்நாடகக் கச்சேரியே செய்து காட்டியவர் கே.சத்தியநாராயணன். அது அவருடைய அசாத்திய உழைப்பு. சக்கரம் இடது கையை முழுதாக எடுத்துக்கொள்ளும். விரல் அசைவிலேயே சுரம் வளையும் கருவிகளும் வந்துவிட்டன, ஏ.ஆர்.ரஹ்மான் மேடைகளில் வாசித்த கன்டினியம், சீபோர்டு இரண்டும் அந்த வகை. ஆனால் கன்டினியத்தின் விலை லட்சங்களில். ஆலங்குளம் மேடைக்கு அது வர நாளாகும்.

பார்வையற்ற கலைஞருக்குத் தொடுதிரை எதற்கு?

இந்த விவகாரத்தில் உண்மையில் இழப்பது யார் என்று பார்த்தால், முதலில் நிற்பவர்கள் பார்வை மாற்றுத்திறனாளிக் கலைஞர்கள். கீபோர்டு வாசித்துப் பிழைக்கும் பார்வையற்றவர்களை நம்மூர்த் திருவிழாக்களிலும் ரயில் நிலையங்களிலும் பார்த்திருப்பீர்கள். பழைய கீபோர்டில் பொத்தான் எப்போதும் ஒரே இடத்தில் இருக்கும். இடமிருந்து நாலாவது பொத்தான், அதற்குக் கீழே ரெண்டாவது என்று விரல் கணக்கு வைத்துக்கொள்ளும். எண்களை அழுத்தி ஒலியை எடுக்கும் மாடல்கள் அவர்களுக்கு வரப்பிரசாதம்.

விலை ஏற ஏறத் தொடுதிரை வருகிறது. வழுவழுவென்ற கண்ணாடி. ஒவ்வொரு பக்கத்திலும் ஒவ்வொரு இடத்தில் பொத்தான். குரலில் படித்துக் காட்டும் வசதி இல்லையென்றால் பார்வையற்றவருக்கு அது வெறும் கண்ணாடித் துண்டு. இதன் பொருள், அவர் நன்றாக வாசித்துச் சம்பாதித்துப் பெரிய கருவிக்குப் போக நினைத்தாலும் போக முடியாது.

முடியாத காரியமா இது? இல்லை. ஜெர்மனியின் நேட்டிவ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் தன் கீபோர்டுகள் சிலவற்றில், திருகைத் தொட்டாலே அது என்ன திருகு, என்ன மதிப்பில் இருக்கிறது என்று குரலில் சொல்லும் வசதியைக் கொடுத்திருக்கிறது. கணினியோடு இணைத்தால்தான் பேசும் என்றாலும், வழி இருக்கிறது என்பதற்கு அது சான்று. நம் நாட்டில் 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 43-ஆவது பிரிவு, எல்லாரும் பயன்படுத்தக்கூடிய வகையில் வடிவமைத்த நுகர்பொருள்களை அரசு ஊக்குவிக்க வேண்டும் என்கிறது. அணுகல்தன்மை விதிகள் வெறும் பரிந்துரையாக இருந்தால் போதாது, கட்டாயமாக்க வேண்டும் என்று 2024 நவம்பரில் ராஜீவ் ரதூரி வழக்கில் உச்ச நீதிமன்றமும் சொன்னது. கட்டடம், போக்குவரத்து, இணையம் என்று அந்தப் பேச்சு நகர்கிறது. ஒருவருடைய சோற்றுக்கு வழியான கீபோர்டைப் பற்றி அங்கே யாரும் பேசவில்லை.

பிளக் ஒன்று, துருவம் வேறு

1983-இல் இசைக்கருவி உலகில் ஓர் அதிசயம் நடந்தது. ஒன்றுக்கொன்று போட்டியான அமெரிக்க, ஜப்பானிய நிறுவனங்கள் சேர்ந்து ‘மிடி’ என்ற பொது மொழியை ஏற்றுக்கொண்டன. ஒரு கம்பெனி கீபோர்டில் இருந்து இன்னொரு கம்பெனிக் கருவிக்கு ஒரே கேபிள். இதற்காக ரோலண்டின் இகுதாரோ ககேஹாஷிக்கும் அமெரிக்காவின் டேவ் ஸ்மித்துக்கும் 2013-இல் கிராமியின் தொழில்நுட்ப விருது கிடைத்தது.

அந்த ஒற்றுமை அடாப்டர் விஷயத்தில் வரவில்லை. பார்த்தால் ஒரே மாதிரி இருக்கும் பிளக்கில் ஒரு கம்பெனிக்கு நடுவில் பிளஸ், இன்னொரு கம்பெனிக்கு நடுவில் மைனஸ். வோல்ட்டும் 9, 12 என்று மாறும். அவசரத்தில் பக்கத்துக் கலைஞரின் அடாப்டரைச் செருகினால் பாட்டு அதோடு முடிந்தது. சஸ்டெய்ன் பெடலும் அப்படித்தான். சில கம்பெனிப் பெடல்கள் மிதித்தால் சுற்று மூடும், சிலவற்றில் மிதித்தால் திறக்கும். மாற்றிப் போட்டால் காலை எடுக்கும்போது ஒலி நீளும், மிதித்தால் நிற்கும்.

பழுதும் வடிவமைப்பின் பகுதிதான். கீபோர்டின் ஒவ்வொரு கட்டைக்கும் அடியில் ரப்பர் பட்டை இருக்கும், அதில் கட்டைக்கு ரெண்டு கரிப் புள்ளிகள். கட்டையை அழுத்தும்போது ரெண்டும் ஒன்றன்பின் ஒன்றாகத் தொடும். இடையில் ஆன நேரத்தை அளந்துதான் நீங்கள் மெதுவாக அழுத்தினீர்களா, வேகமாக அழுத்தினீர்களா என்று கருவி கண்டுபிடிக்கிறது. திருவிழா மண்ணும் வியர்வையும் அங்கே சேர்ந்தால் கணக்குத் தப்பும். ஒரு கட்டை ஊமையாகிவிடும், இன்னொன்று தொட்டாலே அலறும். துடைத்தால் பெரும்பாலும் சரியாகும் பழுதுதான் இது. ஆனால் அந்தப் பட்டையை எட்டக் கருவியைக் கவிழ்த்துப் போட்டு ஏகப்பட்ட திருகாணிகளைக் கழற்ற வேண்டும். பட்டை கிழிந்திருந்தால் உதிரிபாகம் தேடி அலைய வேண்டும்.

‘பழுதுநீக்கும் உரிமை’ பற்றி மத்திய அரசு சில ஆண்டுகளாகப் பேசி வருகிறது. 2022 டிசம்பரில் அதற்கான இணையதளம் வந்தது. விவசாயக் கருவிகள், கைப்பேசி உள்ளிட்ட மின்னணுப் பொருள்கள், வீட்டு உபயோகப் பொருள்கள், வாகனங்கள் என்று நான்கு துறைகள். பொருளைப் பழுதுபார்ப்பது எவ்வளவு எளிது என்று மதிப்பெண் போடும் குறியீடு பற்றி பரத் கேரா தலைமையிலான குழு 2025 மே மாதம் அறிக்கையும் கொடுத்தது. கழற்றுவது எளிதா, உதிரிபாகம் கிடைக்குமா, வழிகாட்டிக் குறிப்பு உண்டா என்பதெல்லாம் அதில் அளவுகோல்கள். பேச்சு கைப்பேசியையும் வீட்டுச் சாதனங்களையும் சுற்றியே போகிறது. ஒரு சீசனின் சம்பாத்தியமே ஒரு கருவியை நம்பியிருக்கிற மேடைக் கலைஞருக்கு இந்த மதிப்பெண் மற்ற யாரையும்விட அதிகம் தேவை.

வாங்கப் போகிறீர்களா?

கடையில் ‘800 டோன், 200 ரிதம்’ என்று அட்டையில் போட்டிருப்பதைக் கொஞ்ச நேரம் மறந்துவிடுங்கள். உங்களுக்குத் தெரிந்த ரெண்டு பாட்டை, ஒன்று ரெண்டரைக் கட்டையிலும் இன்னொன்று அஞ்சிலும், அடுத்தடுத்து வாசித்துப் பாருங்கள். நடுவில் எத்தனை பொத்தான் அழுத்தினீர்கள் என்று எண்ணுங்கள். அதே வேலையைக் கண்ணை மூடிக்கொண்டு ஒரு தடவை செய்து பாருங்கள். ஒலி, வேகம், சுருதி மூன்றையும் சேர்த்துச் சேமிக்கும் ‘ரிஜிஸ்ட்ரேஷன்’ பொத்தான்கள் முகப்பிலேயே இருக்கின்றனவா என்று பாருங்கள். இருந்தால் ஒரு பாட்டைச் சேமித்துவிட்டு, கடைக்காரர் முறைத்தாலும் பரவாயில்லை, பிளக்கைப் பிடுங்கி மறுபடி செருகுங்கள். சேமித்தது நிற்கிறதா என்று தெரிந்துவிடும். தானாக அணைவதை எப்படி நிறுத்துவது என்று கடைக்காரரையே செய்துகாட்டச் சொல்லுங்கள். அவருக்கே தெரியவில்லையென்றால் அதுவும் ஒரு தகவல்தான்.

விலை பேசும் முன் கடைசியாக ஒன்று கேளுங்கள்: “அண்ணாச்சி, இதுக்கு அடியில போடுற ரப்பர் பட்டை மதுரையிலயாவது கிடைக்குமா?”